ஃப்ரீ ப்ளக்இன்னுக்கு யார் பில் கட்டுறது?



கோட்டாறு கம்போளத்துல மசாலா, முந்திரி மொத்த வியாபாரம் பண்ற என் கிளையன்ட் ஒருத்தர், லாக்டவுன் நேரத்துல ஆன்லைன் கடையும் தொடங்கினார். ஜிஎஸ்டி பில் போட ஒரு ஃப்ரீ ப்ளக்இன். நாலு வருஷம் பிரச்சினையே இல்லை. அப்புறம் ஒரு நாள் தளத்தை அப்டேட் பண்ணதும் பில்லுல வரி தப்பா விழ ஆரம்பிச்சிருக்கு. ஜிஎஸ்டிஆர்-1 ஃபைல் பண்ண உட்கார்ந்தப்போதான் எனக்கே தெரிஞ்சது. 140 பில்லைக் கையால திருத்தினோம்.

எழுதினவருக்கு மெயில் போட்டோம். பதில் பணிவாவே வந்தது. ஆபீஸ் வேலை முடிஞ்சு ராத்திரி உட்கார்ந்து எழுதினதாம். குழந்தை பிறந்ததுக்கு அப்புறம் முடியல, மன்னிச்சிருங்கன்னு எழுதியிருந்தார்.

நான் கிளையன்ட்டோட லெட்ஜரை எடுத்துப் பார்த்தேன். டொமைன், ஹோஸ்டிங், பேமென்ட் கேட்வே கமிஷன், டிசைன் பண்ண பையனுக்குக் கொடுத்தது, எல்லாத்துக்கும் என்ட்ரி இருக்கு. ப்ளக்இன்னுக்கு நாலு வருஷத்துல ஒரு ரூபாய் இல்லை. அந்தக் கணக்குல வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

நம்ம ஊர்க் கோயில் திருவிழாவுல மண்டகப்படி பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு நாள் செலவையும் ஒரு குடும்பமோ சமுதாயமோ ஏத்துக்கும். தேரோட்டத்து நாளுக்குப் போட்டியே நடக்கும். கொடி இறங்கின மறுநாள் விளக்குக்கு எண்ணெய் ஊத்த ஆள் தேடணும். ஓப்பன் சோர்ஸ்லயும் இதே கதைதான். புது வசதிக்குக் காசு கிடைச்சிரும், இருக்கிறது உடையாம பார்த்துக்கிறவருக்குக் கிடைக்காது.

'சம்பாதிக்கிற கம்பெனிகிட்ட வாங்கிட வேண்டியதுதானே?'ன்னு கேட்பீங்க. 2024 செப்டம்பர்ல வேர்ட்பிரஸ் உலகத்துல அதுதான் சண்டை. அதை உருவாக்கினவர்கள்ல ஒருத்தரான மேட் முல்லென்வெக், டபிள்யூபி எஞ்சின்ங்கிற ஹோஸ்டிங் கம்பெனி வருமானத்துல 8% தரணும்னு கேட்டார், பணமாவோ ஊழியர் உழைப்பாவோ. அவங்க மறுத்தாங்க. அக்டோபர்ல, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள்ல ஓடுற அவங்க ஏசிஎஃப் ப்ளக்இன்னோட பக்கத்தையே வேர்ட்பிரஸ் தரப்பு எடுத்து வேற பேர் வச்சது. டிசம்பர்ல அமெரிக்க நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் திரும்பக் கிடைச்சது. கேட்ட நியாயம் இருக்கட்டும், வசூல் பண்ண விதம் எனக்குச் சரியா படல. நடுவுல மாட்டினது ரெண்டு தரப்புலயும் இல்லாத சாதாரண தளக்காரங்க.

இன்னொரு வழியும் இருக்கு. நம்மில் பலர் டீமேட் வச்சிருக்கிற ஜெரோதா, 2024 அக்டோபர்ல ஃபிளாஸ் ஃபண்ட் தொடங்கினாங்க. உலகத்துல எந்த மூலையில இருக்கிற ஓப்பன் சோர்ஸ் திட்டமும் கேட்கலாம். வருஷத்துக்கு மொத்தம் 10 லட்சம் டாலர், ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1 லட்சம் டாலர் வரை. 2025 மே மாசம் முதல் தவணையா 9 திட்டங்களுக்கு 3,25,000 டாலர் அறிவிச்சாங்க. தொகையைவிட எனக்குப் பிடிச்சது விண்ணப்ப முறை. தாங்க யாரு, எவ்வளவு தேவை, எந்த வழியில வாங்குவோம், முன்னாடி வரவு செலவு என்னன்னு 'ஃபண்டிங் டாட் ஜேசன்'ங்கிற ஃபைல்ல எழுதிப் பொதுவில வைக்கணும். சிஏ மனசு குளிருமா, குளிராதா?

ஆனா வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புறதுல பேப்பர் வேலை ஏராளம். வருமான வரிப் படிவங்கள், சிஏ சான்றிதழ், வாங்குறவர் நாட்டு வரி வதிவுச் சான்றிதழ்... ராத்திரி ரெண்டு மணிக்குக் கோடு எழுதுறவர்கிட்ட இதையெல்லாம் கேட்டா, காசே வேண்டாம் சாமின்னு ஓடிருவார்.

சரி, டெக்னோபார்க்குக்குத் தினமும் ரயில் பிடிக்கிற உங்களுக்கு இதுல என்ன? உங்க டீம் எந்த ஃப்ரீ ப்ளக்இன் மேல ஓடுதுன்னு ஒரு பட்டியல் எடுங்க. மேனேஜர்கிட்ட 'டொனேஷன் கொடுப்போம்'னு மட்டும் கேட்காதீங்க, அக்கவுண்ட்ஸ்ல நிராகரிச்சிருவாங்க. நன்கொடையா எழுதினா அது பொதுவா வியாபாரச் செலவுல சேராது. 'வருஷாந்திர சப்போர்ட்'னு இன்வாய்ஸ் வாங்கினா, மென்பொருள் பராமரிப்புச் செலவு. எழுதினவர் வெளிநாட்டுல இருந்தா டிடிஎஸ்ஸும் ரிவர்ஸ் சார்ஜ் ஜிஎஸ்டியும் பார்த்துக்கணும். நீங்க சொந்தக் காசு கொடுத்தா, நன்கொடைக்கான வரிச் சலுகை பதிவு பெற்ற இந்திய அமைப்புக்கு, அதுவும் பழைய வரி முறையில இருந்தா மட்டும்தான். புது முறையில இருக்கிறவங்க வரி மிச்சமாகும்னு எதிர்பார்க்காம கொடுங்க.

நம்ம கிளையன்ட் கதைக்கு வர்றேன். அதே ப்ளக்இன்னை வச்சிருக்கிற இன்னும் ரெண்டு கடைக்காரங்களைக் கூட்டி, ஆளுக்கு வருஷம் 6,000 ரூபாய் போட்டு அந்தத் தம்பிகிட்ட சப்போர்ட் இன்வாய்ஸ் வாங்கலாம்னு பேசினோம். ஒருத்தர் உடனே சரின்னார். மூணாமவர், "நான் கொடுக்கலேன்னாலும் எனக்கும் ஓடும்லா, பின்ன எதுக்கு?"ன்னார். தப்பில்லை, லைசென்ஸ் அப்படித்தான். இப்போ ரெண்டு பேர் சேர்ந்து 12,000 கட்டுறாங்க, மூணு கடையிலயும் பில் சரியா விழுது. ஏப்ரல்ல புதுப்பிக்கணும். மூணாமவர் கடைக்கு அடுத்த வாரம் ஆடிட்டுக்குப் போறேன், திரும்பவும் கேட்டுப் பார்ப்பேன்.