கதவு கேட்கும் வயது

மாலை மணி ஆறு. இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். குளிர்காலமாதலால் வெளியே நன்றாக இருட்டிவிட்டது. பொது நூலகத்தில் பணிபுரிவோர் ஐந்து மணிக்கே வீடு திரும்பிவிட்டனர். ஆயினும் உள்ளே விளக்கு எரிகிறது. சிலர் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கின்றனர்.

பதினேழு வயது மாணவி ஒருத்தி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கதவருகே உள்ள சிறு கருவியில் தன் உறுப்பினர் அட்டையைக் காட்டி, இரகசிய எண்ணை அழுத்துகிறாள். கதவு திறக்கிறது. சற்று நேரத்தில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வருகிறான். அவனிடமும் அட்டை இருக்கிறது. பெற்றோர் வேலையிலிருந்து வர எட்டு மணி ஆகும். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து படிக்க இடமில்லை. அவனும் அட்டையைக் காட்டுகிறான். கதவு திறக்கவில்லை.

நண்பகலில் அவனை வரவேற்ற அதே நூலகம், மாலையில் ஏன் வெளியே நிறுத்துகிறது? இதற்கு விடை காண முயல்வோமானால், பொது நூலகங்களைப் பற்றிய இரு பழைய வழக்குகள் ஒன்றாக நம் முன் வந்து நிற்கும். புதிய கருவிகளை ஏற்கலாமா என்பது ஒன்று; சிறுவர்களை எந்த வயதில் உள்ளே விடலாம் என்பது மற்றொன்று.

கதவு திறக்கும் விதம்

ஆளில்லா நேரத்திலும் இயங்கும் இத்தகைய நூலகங்கள் 2000ஆம் ஆண்டிற்குப் பின் டென்மார்க்கில் பரவின. பின்னர் 2010களில் பிரிட்டனில் பல ஊர்களுக்கு வந்தன. இவற்றின் அமைப்பு எளிது. அட்டையில் உள்ள எண்ணைக் கதவருகே உள்ள கருவி படித்து, உறுப்பினர் பதிவேடு இருக்கும் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. இவர் உறுப்பினர்தாமா? இரகசிய எண் சரிதானா? வயது வரம்பைத் தாண்டியவரா? இவ்வினாக்கள் அனைத்திற்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால், மின்பூட்டு விடுபடுகிறது. உள்ளே நடப்பவற்றைக் காமிராக்கள் பதிவு செய்கின்றன. மூடும் நேரம் நெருங்கியதும் ஒலிபெருக்கி அறிவிக்கிறது.

நூல்களை எடுத்துச் செல்வது எப்படி? அதற்கும் ஒரு கருவி உண்டு. ஒவ்வொரு நூலின் அட்டையிலும் தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய மெல்லிய வில்லை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதனுள் ஒரு நுண்சில்லும், அதைச் சுற்றி உலோகச் சுருளும் உள்ளன. மின்கலம் கிடையாது. வினாடிக்கு ஒரு கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் முறை அதிரும் ரேடியோ அலைகளைக் கருவி வெளியிடுகிறது. அவ்வலைகள் சுருளில் சிறிது மின்சாரத்தைத் தூண்டுகின்றன. அந்த மின்சாரத்தில் விழித்தெழும் சில்லு, தனக்குரிய எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. கோடு கோடாக அச்சிட்ட பட்டைக் குறியீடாயின் ஒவ்வொரு நூலாகத் திருப்பி ஒளியில் காட்டவேண்டும். இந்தச் சில்லுக்கோ அது தேவையில்லை. ஐந்தாறு நூல்களை அடுக்கி வைத்தாலும் எல்லாவற்றையும் ஒருசேரக் கருவி படித்துவிடும். சிங்கப்பூரில் 1998இல் புக்கிட் பாத்தோக் நூலகம் இம்முறையுடன் திறக்கப்பட்டது. உலகில் இதனை முதலில் கையாண்ட நூலகங்களுள் அது ஒன்று.

ஆக, கதவைத் திறப்பதும், நூலைப் பதிவதும், விளக்கை அணைப்பதும் கருவிகளால் இயலும். கருவியால் இயலாதது ஒன்று உண்டு. வாசலில் நிற்கும் சிறுவனின் முகத்தைப் பார்த்து, “உனக்கு என்ன வேண்டும், தம்பி?” என்று கேட்க அதனால் முடியாது. கேட்கத் தெரியாத கருவி, கழித்தல் கணக்கைப் போடுகிறது. இன்றைய தேதியிலிருந்து பிறந்த தேதியைக் கழித்து, வரும் விடை போதாதென்றால் கதவைத் திறவாமல் விட்டுவிடுகிறது.

இரு தரப்பு வாதங்கள்

பிரிட்டனில் பல உள்ளாட்சி மன்றங்கள், ஆளில்லா நேரத்தில் 16 வயதிற்குக் குறைந்தோர் பெரியவர் துணையின்றி வரலாகாது என விதித்துள்ளன. இதனை ஆதரிப்போர் கூறும் காரணங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. சிறுவனுக்குத் திடீரென உடல்நலம் குன்றினால் யார் கவனிப்பது? முன்பின் அறியாதவர் தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்வது? காமிரா நடந்ததைப் பதிவு செய்யும். நடப்பதைத் தடுத்து நிறுத்தாது. மேலும், பணமின்மையால் மூடப்படும் நிலையிலுள்ள நூலகம், ஆளில்லாமலேனும் இரவு எட்டு மணி வரை திறந்திருப்பது நல்லதல்லவா என்றும் அவர்கள் கேட்கின்றனர். பகல் முழுதும் வேலை செய்வோருக்கு அந்த மாலை நேரம் பெரும்பேறு.

மறு தரப்பினர் கூறுவதையும் கேளுங்கள். கூடுதல் நேரத்திற்காகவே கருவி வந்தால் எவருக்கும் மறுப்பில்லை. ஆனால் கருவி வந்ததைக் காட்டி, நூலகர் பணிபுரியும் நேரத்தைக் குறைத்துவிட்டால்? முன்பு எல்லாருக்கும் திறந்திருந்த நேரம், இப்போது வயது வந்தோருக்கு மட்டும் உரியதாகிவிடும். நூலகம் திறந்திருக்கும் நேரம் கணக்கில் கூடியிருக்கும்; அந்தப் பதினான்கு வயதுச் சிறுவனுக்கோ குறைந்திருக்கும். பிரிட்டனின் 1964ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம், பெரியவர்களும் சிறுவர்களும் நூலகத்தை முழுமையாகப் பயன்படுத்த ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. அச்சட்டத்திற்கு இது பொருந்துமா என்பது அவர்கள் வினா.

வயது வரம்பு புதிதன்று

சிறுவரை வெளியே நிறுத்தும் வழக்கம் கருவிகளுடன் தோன்றியதன்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற பாஸ்டன் பொது நூலகம் 1854இல் திறக்கப்பட்டபோது, 16 வயது நிரம்பியோருக்கே அதில் இடமிருந்தது. அக்காலத்தில் பல ஊர்களில் 12 அல்லது 14 வயது வரம்பு இருந்தது. சிறுவர் சத்தமிடுவர், நூலைக் கிழிப்பர், கதைப் புத்தகங்களால் கெட்டுப்போவர் என்றெல்லாம் பெரியோர் அஞ்சினர்.

ரோட் ஐலண்டு மாநிலத்தின் பாட்டக்கெட் என்னும் நெசவாலை ஊரில் நூலகராயிருந்த மினர்வா சாண்டர்ஸ் என்ற அம்மையார் அந்த அச்சத்தைப் பொருட்படுத்தவில்லை. 1870களின் பிற்பகுதியில், தெருவில் திரிந்த சிறுவர்களை அவர் நூலகத்திற்குள் அழைத்தார். நாற்காலிகள் உயரமாயிருந்தன, அவற்றின் கால்களை வெட்டிக் குட்டையாக்கினார். சிறுவர் உட்கார முடியாத நாற்காலியைப் பார்த்து, ‘சிறுவர் இன்னும் வளரட்டும்’ என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆன் கரோல் மூர் என்ற மற்றோர் அம்மையார் 1906இல் நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குத் தலைமை ஏற்றார். அங்கே உறுப்பினராக வேண்டிய தகுதி, தன் பெயரைத் தானே எழுதத் தெரிவதுதான். நூலைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன், விதிகளுக்குக் கட்டுப்படுவேன் என்ற உறுதிமொழிக்குக் கீழே குழந்தை தன் பெயரை எழுதவேண்டும். ‘உனக்கு எத்தனை வயது?’ என்ற கேள்வி, ‘உன்னால் பொறுப்பாக இருக்க முடியுமா?’ என்று மாறியது. இரண்டு கேள்விகளுக்கும் எவ்வளவு வேறுபாடு!

நீலமும் சிவப்பும்

கருவிகளைப் பற்றிய வழக்கும் இதே அளவு பழையது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நூலகங்களில் வாசகர் அலமாரியருகே செல்ல முடியாது. வேண்டிய நூலின் எண்ணைக் கேட்டுப் பெறவேண்டும். அந்நூல் உள்ளே இருக்கிறதா என அறியக் ‘குறிகாட்டி’ என்ற பெரும் பலகை இருந்தது. ஆல்பிரட் காட்கிரீவ் என்பவர் அமைத்த வகை மிகவும் பரவியிருந்தது. அதில் வரிசை வரிசையாகச் சிறு பொந்துகள். ஒவ்வொன்றும் ஒரு நூலுக்கு. நீல முனை தெரிந்தால் நூல் உள்ளே. சிவப்பு முனை தெரிந்தால் வெளியே. அக்காலத்திற்கு அது சிறந்த கருவிதான்.

ஆனால் ஒரு குறை. என்ன நூல் வேண்டுமென முன்னரே அறிந்தவருக்குத்தான் அது பயன்பட்டது. எதைப் படிப்பதென்று தேடி வரும் சிறுவனுக்கு நீலமும் சிவப்பும் என்ன சொல்லும்? 1894இல் இலண்டனின் கிளார்க்கென்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் என்ற நூலகர் அலமாரிகளையே வாசகருக்குத் திறந்துவிட்டார். திருட்டுப் போகும், அடுக்கு கலையும் என்று எதிர்ப்பு வலுத்தது. நூலகர்களிடையே பல்லாண்டுகள் நீடித்த பூசல் அது. முடிவில் திறந்த அலமாரியே வென்றது. குறிகாட்டி அருங்காட்சிப் பொருளாயிற்று.

1924இல் இலண்டன் சென்ற சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் அங்கே கண்டவற்றுள் இத்திறந்த அலமாரி முறையும் ஒன்று. நாடு திரும்பியதும் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அதனைக் கொணர்ந்தார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகெங்கும் பயிலப்படுகின்றன. நூல்கள் பயன்பாட்டிற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் ஓர் உயிர். இவற்றின் சாரம் இதுதான். இரண்டாம் விதியில் வயது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அளவுகோல் எது?

புதிய கருவி வரும்போது, ‘இது நவீனமானதா?’ என்று கேட்பது பயனற்றது. ‘பழைய முறையே போதாதா?’ என்பதும் அப்படியே. கேட்கவேண்டியது ஒன்றே: இக்கருவி வாசகரையும் நூலையும் நெருங்கச் செய்கிறதா, விலக்குகிறதா? யாரை நெருங்கச் செய்கிறது, யாரை விலக்குகிறது?

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று இங்கே நினைவுகொள்ளத் தக்கது. இணைய இணைப்பிற்காகக் குறிப்பிட்ட மத்திய அரசு உதவிகளைப் பெறும் நூலகங்கள், தம் கணிப்பொறிகளில் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டியைப் பொருத்தவேண்டும் என்றது அது. 17 வயதிற்குக் குறைந்தோருக்குத் தடை மேலும் விரிவானது. வடிகட்டி சில வேளைகளில் மருத்துவம் போன்ற தக்க செய்திகளையும் தடுத்துவிடுவதுண்டு. ஆயினும் வயது வந்தவர் கேட்டுக்கொண்டால் நூலகர் அதை நீக்கிக் கொடுக்கலாம். 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தபோது, இந்த வசதியும் கருத்தில் கொள்ளப்பட்டது. கருவி தவறு செய்தால் முறையிட ஓர் ஆள் இருக்கிறார் என்பதே இதன் சிறப்பு. இருட்டில் கதவுக்கு வெளியே நிற்கும் சிறுவனுக்கு அப்படி யாருமில்லை.

அதனால் கதவைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. நூலகர் பணிபுரியும் நேரத்தைப் பள்ளி விடும் வேளையை ஒட்டி அமைக்கலாம். ஆளில்லா நேரத்தைப் பெரியவர்கள் வரும் பின்மாலைக்கு விடலாம். பெற்றோர் இசைவுடன், நூலகரிடம் ஒருமுறை பயிற்சி பெற்ற மாணவனின் அட்டையையும் கதவு ஏற்கும்படி செய்யலாம். அட்டைக்குரியவரின் பதிவில் ‘பயிற்சி பெற்றவர்’ என்ற ஒரு குறிப்பைச் சேர்ப்பது கணிப்பொறிக்குப் பெரிய வேலையன்று. உள்ளே ஒரு தொலைபேசி, அதன் மறுமுனையில் விடை சொல்ல ஒரு மனிதர், இவ்வளவு இருந்தாலே பாதி அச்சம் நீங்கும். நியூயார்க்கில் அன்று குழந்தைகள் இட்ட கையெழுத்தின் இன்றைய வடிவம் இது எனலாம்.

உங்கள் ஊர் நூலகத்திற்கும் என்றேனும் இத்தகைய கருவி வரலாம். அன்று அதன் விலையையும் வேகத்தையும் பற்றிப் பலர் பேசுவார்கள். நீங்கள் மறவாமல் மற்றொன்றைக் கேளுங்கள்: “இக்கதவு யாருக்குத் திறக்காது?” அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அக்கருவியை வரவேற்பதோ, திருத்தச் சொல்வதோ அமையவேண்டும். குட்டையாக்க வேண்டியது நாற்காலியின் கால்களைத்தான் என்பதை ஒரு நெசவாலை ஊர் நூலகர் நூற்றாண்டுக்கு முன்பே காட்டிச் சென்றிருக்கிறார் அல்லவா?