கதவுக்கு உள்ளே நின்ற தலைவர்

ஊழியரின் அன்றாடச் சிரமம் மேலே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? மதுரை அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. அது நோயாளிகளின் சிரமத்தைக் கேட்டதில் தொடங்குகிறது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்கிறார். ‘புரை முத்திப்போச்சு, ஆபரேஷன் செஞ்சா பார்வை வந்திரும். காசு எதுவும் வேண்டாம்’ என்கிறார். பெரியவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். மதுரைக்கு வருவதே இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனையின் தொடக்க ஆண்டுகளில் முகாம்தோறும் இப்படி நடந்தது. இலவசம் என்று சொல்லியும் வராதவர்களே அதிகம்.

விவரம் தெரியாத சனம் என்று சொல்லியிருக்கலாம். முகாமுக்குப் போன ஊழியர்களுக்கு ஆள் திரட்டத் தெரியவில்லை என்று மெமோ கொடுத்திருக்கலாம். பல அலுவலகங்களில் இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கும். அரவிந்த் வேறு வழியில் போனது. வராதவர்களின் வீட்டைத் தேடிச் சென்று ஏன் வரவில்லை என்று கேட்டது.

மங்கலாகவாவது தெரிகிறதே, போதும் என்றார்கள் சிலர். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காசில்லை என்றார்கள் சிலர். வீட்டைப் போட்டுவிட்டு வர முடியாது, துணைக்கு வர ஆளில்லை என்றும் பதில் வந்தது. ஆபரேஷன் பயமும் இருந்தது. ஆனால் அது பல காரணங்களில் ஒன்றுதான்.

காரணம் தெரிந்ததும் ஏற்பாடு மாறியது. முகாமில் தேர்வானவர்களை அங்கிருந்தே பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். தங்க இடமும் சாப்பாடும் மருந்தும் கொடுத்து, முடிந்ததும் ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து வந்ததால் துணை இல்லை என்ற குறையும் தீர்ந்தது. கண்ணாடிக்கும் இதே கதைதான். சீட்டு எழுதிக் கொடுத்தால் பலர் வாங்குவதில்லை என்று தெரிந்ததும், கண்ணாடியை முகாமிலேயே செய்து கையில் கொடுக்கும் வழக்கம் வந்தது.

வளைந்த விரல்கள்

இப்படிக் கேட்கும் பழக்கத்தின் வேர், நிறுவனர் டாக்டர் கோ. வெங்கடசாமியின் வாழ்க்கையில் இருக்கிறது. 1918-இல் எட்டயபுரம் பக்கத்து அயன் வடமலாபுரத்தில் பிறந்தவர். 1944-இல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவப் படிப்பை முடித்து ராணுவ மருத்துவப் பணிக்குப் போனார். பிரசவ மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிப் படுக்கையில் தள்ளியது. மீண்டு வந்தவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். தன் விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்யப் பழகினார். தன் வாழ்நாளில் அவர் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார். 1976-இல் உடன்பிறந்தோரின் துணையோடு அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். பத்மஸ்ரீ வாங்கியிருந்த பெரிய டாக்டர்தான். ஆனாலும் நோயாளிகளைப் பார்ப்பதையும் ஆபரேஷன் அறைக்குள் நிற்பதையும் அவர் விடவில்லை. தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் அதே வழியில் வந்தவர்கள். நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் மருத்துவர்களும் நோயாளிகளைப் பார்ப்பது அங்கே இன்றும் வழக்கம்.

அங்குள்ள ஆபரேஷன் அறை முறையைப் பார்த்தால் இதன் பலன் புரியும். ஒரு டாக்டருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால் போதும். மற்ற வேலைகளையெல்லாம் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து இரண்டாண்டு பயிற்சி கொடுக்கப்பட்ட பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் வீணாகிறது, யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது மேசையருகே நின்றவருக்குத்தான் தெரியும். அறிக்கை படித்து இந்த ஏற்பாட்டை யோசித்திருக்க முடியாது.

பொற்கைப் பாண்டியன் தட்டிய கதவு

தலைவர் நேரில் போய்ப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. அரசர்கள் மாறுவேடத்தில் நகர்சோதனை போன கதைகள் நம்மிடம் ஏராளம். மதுரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது பொற்கைப் பாண்டியன் கதை. சிலப்பதிகாரத்திலும் இதன் குறிப்பு உண்டு. வெளியூர் போன கீரந்தை என்பவனின் வீட்டுக்குக் காவலாக இரவில் பாண்டியன் சுற்றி வருகிறான். ஒருநாள் உள்ளே ஆண்குரல் கேட்கிறது. கதவைத் தட்டிவிடுகிறான். உள்ளே இருந்தவன் ஊர் திரும்பிய கணவன். கீரந்தையின் மனைவிமேல் சந்தேகம் விழக்கூடாதென்று பாண்டியன் தெருவிலிருந்த எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுப் போகிறான். மறுநாள் புகார் வந்ததும், தட்டிய கையைத் தானே வெட்டிக்கொள்கிறான்.

அவன் நீதியை நாம் போற்றுகிறோம். எனக்கு இந்தக் கதை இன்னொன்றையும் சொல்கிறது. நல்லெண்ணமும் அக்கறையும் நிறைந்த அரசன்கூட, கதவுக்கு வெளியே நின்றதால் உள்ளே நடப்பதைத் தவறாகப் புரிந்துகொண்டான். இன்றைய ‘விசிட்’டுகளுக்கும் இது பொருந்தும். ஐயா வருகிறார் என்றால் முதல்நாளே பிளீச்சிங் பவுடர் தூவி, ரெஜிஸ்டரைச் சரிசெய்து, பேசத் தெரிந்த ஒருவரை முன்னால் நிறுத்திவிடுவார்கள். ஐயா திருப்தியோடு திரும்புவார். ஊழியரின் சிரமம் அங்கேயே இருக்கும்.

ஜப்பானின் டொயோட்டா ஆலையில் நிர்வாகி தாயிச்சி ஓனோ இந்தக் குறைக்கு ஒரு வழி வைத்திருந்தார். தரையில் சாக்பீஸால் வட்டம் வரைந்து, பொறியாளரை அதற்குள் மணிக்கணக்கில் நிற்கவைப்பார். வேலை எங்கே தடைபடுகிறது என்பதை அவரே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெற்றிக்குப் பிறகும் கேட்டார்கள்

அரவிந்த் கதையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி, முகாம் ஏற்பாடுகள் வெற்றி பெற்ற பிறகு நடந்தது. முகாம்கள் உலகப் புகழ் பெற்றுவிட்டன. ஹார்வர்டில் பாடமாக வைத்துவிட்டார்கள். அந்த நிலையிலும் முகாம் நடந்த ஊர்களில் ஆய்வு செய்தார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வு, கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள் என்றது. பாராட்டு மழையில் நனைந்துகொண்டிருந்த நிறுவனத்துக்கு இது கசப்பான செய்தி. அவர்கள் அதை மூடி மறைக்கவில்லை. சிறிய ஊர்களிலேயே நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் பரிசோதிக்க, பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுகிறார். இன்று இத்தகைய மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன.

மில் முதலாளிகள், வங்கி மேலாளர்கள், தலைமையாசிரியர்கள், அரசுத் துறைத் தலைவர்கள் எல்லோருக்கும் இதில் பாடம் உண்டு. நம் வருவாய்த் துறையில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்கோடு வி.ஏ.ஓ.க்கள் உயர் அதிகாரி முன் நேரில் வருகிறார்கள். கணக்கைச் சரிபார்க்கும் அந்த நாளிலேயே, ‘இந்த வேலையைச் செய்ய உங்களுக்கு என்ன தடை?’ என்றும் ஒரு கேள்வி கேட்கலாம். தலைமையாசிரியர் வாரத்துக்குச் சில வகுப்புகளைத் தானே எடுக்கலாம். வங்கி மேலாளர் கூட்டம் நெரியும் நாளில் கவுன்ட்டரில் உட்காரலாம். ஆண்டுக்கு ஒருநாள் போட்டோவுக்காகச் செய்தால் பயனில்லை. அது அவருடைய வேலையின் நிரந்தரமான பங்காக இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, கேட்ட பிறகு நடப்பது. பஸ்ஸுக்குக் காசில்லை என்று கிராமத்துப் பெரியவர் சொன்ன பதில் பஸ்ஸாக மாறி அவர் ஊருக்கு வந்தது. தன் சிரமத்தைச் சொன்ன ஊழியரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார். ஒருமுறை சொல்லியும் எதுவும் மாறாவிட்டால் அடுத்த முறை ‘எல்லாம் நல்லா இருக்கு சார்’ என்றுதான் சொல்வார். அந்தப் பதிலை அடிக்கடி கேட்கும் தலைவர்கள், தம் ஊழியர்கள் கடைசியாகச் சொன்ன குறை எது, அதற்குத் தாம் என்ன செய்தோம் என்று இன்றே யோசித்துப் பார்க்க வேண்டும்.