கிளி வரைந்த கை

பிராணிகளின் உருவெழுதுதல் எளிய தொழிலென்று நம்மிற் பலர் எண்ணுவர். ஆங்கிலேயரான எட்வர்ட் லியர் (1812–1888) என்பாரது வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றும்.

தந்தையார் பொருளிழந்தமையால் இவர் பதினைந்து வயதளவிலேயே படமெழுதிப் பிழைக்கலானார். 1830-ம் ஆண்டில் லண்டன் மிருகக்காட்சிச்சாலையிற் கிளிகளை வரையத் தொடங்கினார். அக்காலத்துப் பலர் பஞ்சடைத்த தோலைப் பார்த்தே எழுதினர். இவரோ காவலன் பறவையைப் பிடித்திருக்க, அதனை அளந்தறிந்து எழுதினார். பின்னர் அவ்வுருவை அச்சுக்கல்லின்மேல் தாமே தீட்டினார். கல்லில் எழுதியது தாளில் இடம்வலமாக மாறிப் பதியுமாதலின், கை பிழையாதிருத்தல் வேண்டும். அச்சிட்டபின் ஒவ்வொரு படத்திற்கும் கையாலேயே வண்ணமிடப்பட்டது. 1832-க்குள் 42 படங்கள் வெளிவந்தன. பொருள்முட்டால் அந்நூல் முற்றுப்பெறாது நின்றது. நுண்வேலையாற் கண்ணொளியுங் குன்றவே, 1837-ல் ரோமாபுரி சென்று நிலக்காட்சிகளை எழுதலானார்.

எனினும் அவ்வுழைப்பு வீண்போகவில்லை. முன்னரே அறியப்பட்ட ஓரினத்தின் பெயரிட்டு அவரெழுதிய நீலப் பெருங்கிளி வேறோரினமென்பது பின்னர்ப் புலனாயிற்று. 1856-ல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. பெயர் பிழைத்தும் படம் பிழைக்கவில்லை. ஏனெனில், அவர் கை கண்டதையே எழுதிற்று. ஆய்வுக்கூடத்திற் படம் வரையும் நாமும் புத்தகத்தைப் பார்த்தெழுதாது, கண்முன் உள்ளதை நோக்கியெழுதக் கடவோம்.