எந்த வேர், எவ்வளவு, யாருக்கு?

தென்கொரியாவின் கும்சான் வட்டாரத்துக்குப் போனால், மலைச்சரிவுகளில் கறுப்பு நிழல்துணி வேய்ந்த தாழ்வான பந்தல்கள் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். அந்த நிழலில் வளர்வதுதான் ஜின்செங். நேர்வெயில் பட்டால் கருகிவிடும் செடி. முதல் வருடம் மூன்று சிற்றிலைகள் மட்டும் விடும். அடுத்த வருடம் ஐந்து. குளிர்காலம்தோறும் தண்டு மடிந்து விழும்போது வேரின் கழுத்தில் ஒரு தழும்பு விழுகிறது. விவரம் தெரிந்தவர்கள் அந்தத் தழும்புகளை எண்ணி வேரின் வயதைச் சொல்லிவிடுவார்கள். ஆறு வருட வேருக்குத்தான் கொரியாவில் தனி மதிப்பு. பறித்த நிலத்தில் உடனே மறுபடி நட முடியாது. வேரழுகல் வரும் என்பதால் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். இந்தச் சாகுபடி முறையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2018இல் உலக வேளாண் மரபுரிமையாக ஏற்றது.

இத்தனை பாடுபட்டு எடுக்கும் வேர் உடம்புக்கு நல்லதா? இப்படிப் பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அறிவியலிடம் பதில் கிடைக்காது. எந்தச் செடியின் வேர், எப்படிப் பக்குவம் செய்தது, எவ்வளவு, யாருக்கு என்று கேட்க வேண்டும்.

செடியே ஒன்றல்ல. 1709இல் சீனப் பேரரசர் காங்ஷிக்காக மஞ்சூரியாவில் நிலவரைபடம் தயாரித்த பிரெஞ்சுப் பாதிரியார் பியர் ஜார்த்து, அங்கே ஜின்செங்கைப் பார்த்து விரிவாகக் கடிதம் எழுதினார். இதே காலநிலையும் காடும் உள்ள கனடாவிலும் இது கிடைக்கலாம் என்பது அவர் ஊகம். அதைப் படித்த லாஃபித்தோ என்ற பாதிரியார் மான்ட்ரியல் அருகே தேடினார். மோஹாக் பழங்குடி மக்களிடையே வாழ்ந்த அவர் 1716இல் கண்டுபிடித்தே விட்டார். அதுதான் அமெரிக்க ஜின்செங். ஆசிய ஜின்செங்குக்கு நெருங்கிய உறவு, ஆனால் வேறு இனம்.

இரண்டிலும் இருக்கும் முக்கியப் பொருள்கள் ஜின்செனோசைடுகள். இவற்றின் கலவை இனத்துக்கு இனம், பக்குவத்துக்குப் பக்குவம் மாறுகிறது. வேரை அப்படியே உலர்த்தினால் வெள்ளை ஜின்செங். ஆவியில் வேகவைத்து உலர்த்தினால் சிவப்பு ஜின்செங். நெல்லைப் புழுக்கினால் அரிசியின் குணம் மாறுவதைப்போல, ஆவிச்சூட்டில் சில ஜின்செனோசைடுகள் சர்க்கரை மூலக்கூறுகளை இழந்து வேறு சேர்மங்களாகின்றன. விழுங்கிய பிறகும் மாற்றம் நிற்பதில்லை. ஆர்பி1 என்ற ஜின்செனோசைடு அப்படியே இரத்தத்தில் அதிகம் கலக்காது. குடல் பாக்டீரியாக்கள் அதன் சர்க்கரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிய பிறகுதான் நன்றாகக் கலக்கிறது. அந்த பாக்டீரியாக்கள் எல்லார் வயிற்றிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

டொரன்டோ ஆய்வாளர்களின் அனுபவம் இதை அழுத்தமாகக் காட்டுகிறது. அமெரிக்க ஜின்செங் 3 கிராம் கொடுத்தபோது, குளுக்கோஸ் குடித்தபின் ஏறும் இரத்தச் சர்க்கரை குறைந்தது என்று 2000இல் ஒரு சிறு ஆய்வில் கண்டார்கள். பின்னர் ஜின்செனோசைடு குறைந்த இன்னொரு தொகுதி வேரைக் கொண்டு சோதித்தபோது அந்தப் பலன் இல்லை. இனம் அதேதான், பெயரும் அதேதான்!

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது புற்றுநோயாளிகளின் சோர்வு பற்றிய ஆய்வு. அமெரிக்காவில் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 364 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு விஸ்கான்சினில் விளைந்த அமெரிக்க ஜின்செங் வேர்த்தூளை நாளுக்கு 2,000 மில்லிகிராமும், மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. நான்கு வாரத்தில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எட்டு வாரத்தில், நூறு புள்ளி அளவுகோலில், ஜின்செங் எடுத்தவர்கள் 20 புள்ளி முன்னேறினார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 10 புள்ளி. அந்த இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். எதுவுமே இல்லாத மாத்திரையும் பாதித் தெம்பைத் தந்திருக்கிறது. 'நான் சாப்பிட்டேன், தெம்பாக இருக்கிறது' என்ற ஒருவரின் சொல்லை மட்டும் சான்றாக எடுக்க முடியாதது இதனால்தான். 2013இல் வெளியான இந்த ஆய்வு, சிகிச்சை நடந்துகொண்டிருந்தவர்களுக்கே பலன் கூடுதல் என்றும் காட்டியது.

விளம்பரங்கள் பெரிதாகப் பேசும் ஞாபகசக்திக்கு ஆதாரம் மெலிந்தது. ஆரோக்கியமானவர்களின் நினைவாற்றலைக் கூட்டும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2010 மதிப்பாய்வு. ஆண்மைக் குறைபாடு பற்றிய 2021 காக்ரேன் மதிப்பாய்வும், மருத்துவ வினாத்தாளில் அளந்தபோது பலன் அற்பம் என்றே சொன்னது.

நம் கடைகளில் 'இந்திய ஜின்செங்' என்று விற்பது அமுக்கரா கிழங்கு, அதாவது அஸ்வகந்தா. அது கத்தரிக் குடும்பம். ஜின்செனோசைடு அதில் கிடையாது. 'சைபீரிய ஜின்செங்' என்பதும் வேறு செடிதான். அதை ஜின்செங் என்ற பெயரில் விற்க அமெரிக்கா 2002இல் சட்டப்படி தடை விதித்தது. ஜின்செங்கின் ஆய்வுகளைக் காட்டி இவற்றை விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்ற எண்ணம்தான் எனக்குக் கவலை தருகிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. 2004இல் ஆரோக்கியமான 20 பேரிடம் நடந்த சோதனையில், அமெரிக்க ஜின்செங் வார்ஃபரினின் வேகத்தைக் குறைத்தது. செயற்கை இதய வால்வு பொருத்தியவருக்கு அப்படி நேர்ந்தால் இரத்தக்கட்டி உருவாகலாம். சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து எடுப்பவருக்குச் சர்க்கரை அளவு தாழ்ந்துபோகலாம். ஆகவே ஜின்செங் எடுப்பவர்கள் மற்ற மருந்துகளோடு அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பது மயக்கவியல் மருத்துவர்களின் அறிவுரை.