ஒருவர் மறுத்தால் ஊரே காத்திருக்கும்

ஓட்டெடுப்பை ஒதுக்கிவிட்டு, பேசிப் பேசியே காட்டு உரிமையை வென்றிருக்கிறது ஒரு மகாராஷ்டிர கிராமம்

கை தூக்கச் சொல்வதில்லை. தலைகளை எண்ணுவதில்லை. 51 பேர் சேர்ந்து 49 பேரைத் தோற்கடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இருக்கும் மேண்டா லேகா கிராம சபையில் எல்லோரும் சரி என்றால்தான் முடிவு. ஒரே ஒருவர் மறுத்தாலும் விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போகும். அங்கும் தீராவிட்டால் அதற்கடுத்த கூட்டத்துக்கு.

உருப்பட்ட மாதிரிதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கோண்டு பழங்குடியினர் வாழும், சுமார் 500 பேரே உள்ள இந்த ஊர்தான் 2009இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை பெற்றது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நாட்டிலேயே முதலில் அந்த உரிமையைப் பெற்ற கிராமங்களில் இதுவும் ஒன்று.

கதை 1980களில் தொடங்குகிறது. இந்த வட்டாரத்துக் காடுகளை மூழ்கடிக்கவிருந்த பெரிய அணைத் திட்டங்களை எதிர்த்துப் பழங்குடியினர் திரண்டார்கள். திட்டங்கள் கிடப்பில் போடப்பட்டன. வேண்டாததைத் தடுத்தாயிற்று, இனி வேண்டியதை யார் முடிவு செய்வது? ஊர்க்காரரான தேவாஜி தோஃபாவும், ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கத்தில் உருவான மோகன் ஹிராபாய் ஹிராலாலும் இதற்கு விடை தேடினார்கள். 'தில்லி, மும்பையில் எங்கள் அரசாங்கம். எங்கள் ஊரில் நாங்களே அரசாங்கம்' என்ற முழக்கம் பிறந்தது.

முழக்கத்தை நடைமுறையாக்கியது ஒரு எளிய ஏற்பாடு. படிப்பு வட்டம் தனி, கிராம சபை தனி. படிப்பு வட்டத்தில் சட்டம், காடு, கணக்கு எதைப் பற்றியும் பேசலாம். வெளியூர் நிபுணர்களும் வந்து பேசலாம். ஆனால் அங்கே எதையும் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது கிராம சபை மட்டுமே. அதில் வெளியாருக்குக் குரல் இல்லை. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. முடிவு தலைக்கு மேல் தொங்காதபோது, நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிக்கொள்வதில் யாருக்கும் மானக்கேடு இல்லை.

சாராயப் பிரச்சினையைப் பெண்கள் எழுப்பியபோது அது ஒரே கூட்டத்தில் தீர்ந்துவிடவில்லை. பெரும்பான்மை பலத்தில் தடை போட்டிருந்தால் தோற்றவர்கள் ஒளிந்து குடித்திருப்பார்கள். குடிப்பவரையும் இசைய வைத்த பிறகு காவலுக்கு ஆள் போட வேண்டிய அவசியம் குறைகிறது.

பெரிய சோதனை மூங்கிலில் வந்தது. முன்பு அது காகித ஆலைக்குக் குத்தகையாகப் போய்க்கொண்டிருந்தது. புதிய சட்டம் மூங்கிலைச் சிறு வன விளைபொருளாக்கி ஊருக்குக் கொடுத்தது. ஆனால் வெட்டிய மூங்கிலை வெளியே கொண்டுபோக வனத்துறை அனுமதிச் சீட்டு தர மறுத்தது. ஊர் பிளவுபடவில்லை, பின்வாங்கவும் இல்லை. 2011 ஏப்ரலில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடமே ஒப்படைத்தார். 2013இல் இன்னும் துணிச்சலான காரியம்: சொந்த விவசாய நிலங்களைக் கிராமதானமாகக் கொடுக்க ஊர் இசைந்தது. உழுபவர் தொடர்ந்து உழலாம். வெளியாருக்கு விற்க முடியாது.

இந்த முறையில் ஆபத்தும் உண்டு. எளியவர் வாய் திறக்க அஞ்சும் ஊரில் மௌனமே சம்மதமாகக் கணக்கு எழுதப்படும். சாதியும் நிலமும் ஏறுமாறாகக் கிடக்கும் கிராமங்களில் 'ஏகமனதாக' என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது பெரிய வீட்டுக்காரரின் மனது. மேண்டா லேகா சிறிய ஊர், ஏற்றத்தாழ்வு குறைவு, கூட்டத்தில் ஆண்களோடு பெண்களும் உட்கார்ந்து பேசுகிறார்கள். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் முறையை மட்டும் இரவல் வாங்கிப் பயனில்லை.

ஆனாலும் ஒன்றை எங்கும் எடுத்துப் போகலாம். குடியிருப்போர் சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ, தீர்மானம் போடும் நாளுக்கு வெகு முன்பே, தீர்மானம் எதுவும் போடாமல் பேசுவதற்கென்றே சில நாட்களை ஒதுக்கலாம். சண்டைகளில் பாதி அங்கேயே ஓய்ந்துவிடக்கூடும்.