அழைக்கும் விளக்கு, காட்டும் விளக்கு

தோட்டத்துச் சிற்றுயிர்கள் – 8

சென்ற வாரம் பகல் வெயிலில் தும்பிகளின் பின்னால் அலைந்தோம். அந்துப்பூச்சிகளுக்கு இரவு எட்டு மணிக்கு மேல்தான் வேலை. அமாவாசையை ஒட்டி, மழை பெய்து ஓய்ந்து, காற்றும் அடங்கிய இரவு கிடைத்தால் விடாதீர்கள். கொல்லையில் ஒரு கயிறு கட்டி வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, அதன் முன்னே புற ஊதா பல்பு ஒன்றை எரியவிட்டால் போதும். அந்த பல்பை மட்டும் நேராக உற்றுப் பார்க்கக் கூடாது.

பூச்சிகள் விளக்குக்கு ஏன் வருகின்றன? நிலவென்று ஏமாறுகின்றன என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2024இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, அதிவேகக் கேமராக்களை வைத்து வேறொன்றைக் காட்டியது. பறக்கும் பூச்சி பெரும்பாலும் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பறக்கிறது. இரவிலும் தரையைவிட வானம்தானே வெளிச்சம். எது மேல், எது கீழ் என்று அதற்கு அப்படித்தான் தெரியும். பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தால் போச்சு. முதுகை அதன் பக்கம் திருப்பித் திருப்பியே சுற்றிக்கொண்டிருக்கும். ஆசைப்பட்டு வந்த விருந்தாளி என்று அதை இனி நினைக்க முடியவில்லை, பாவம், மாட்டிக்கொண்டது.

அழைக்கும் விளக்கின் கதை இது. படத்தைத் தீர்மானிப்பது இன்னொரு விளக்கு: ஃபிளாஷ். அந்துப்பூச்சியின் இறக்கை முழுக்க ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கடுக்காகச் செதில்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் அவை பளீரென்று வெளுத்துவிடும். முன்னால் ட்ரேசிங் பேப்பரோ, பாதியாக வெட்டிய வெள்ளைத் தயிர் டப்பாவோ வையுங்கள். அது பூச்சிக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு மென்மையாக வெளிச்சம் விழும். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லதுதான். ஆனால் வெளிச்சம் சரியில்லாத மேக்ரோ படத்தைவிட, கைப்பேசியில் கிளிப் லென்ஸ் மாட்டி நல்ல வெளிச்சத்தில் எடுத்த படமே மேல்.

நெருங்கி எடுக்கும்போது எஃப் 11 வைத்தாலும் ஓரிரு மில்லிமீட்டர்தான் தெளிவாக விழும். இறக்கை விரித்து உட்கார்ந்திருந்தால் கேமராவை இறக்கைக்கு இணையாகப் பிடியுங்கள். வெட்டுக்கிளி என்றால் பக்கவாட்டில், கண்ணுக்குக் குறி.

விளக்கே வேண்டாம் என்பவர்களுக்கு நந்தியாவட்டையும் அரளியும் இருக்கின்றன. செடிக்கடியில் மிளகு பருமனில் எச்சம் கிடந்தால் அண்ணாந்து பாருங்கள். விரல் தடிமனில் பச்சைப் புழு ஒன்று இருக்கும். சீண்டினால் தலையைத் தாழ்த்தும். கழுத்துப் பக்கம் இரண்டு நீலக் கண்கள் விழிக்கும். நிஜக் கண்களல்ல, வெறும் புள்ளிகள். கூட்டுப்புழுவாகும் முன் பச்சை மாறிப் பழுப்பாகித் தரைக்கு இறங்கிவிடும். இதிலிருந்து வருவதுதான் பச்சையும் இளஞ்சிவப்பும் குழைத்த அரளிப் பருந்து அந்துப்பூச்சி. பறக்கும் முன் உடம்பைச் சூடேற்ற இறக்கைகளை நடுக்கும். அந்த நடுக்கத்தைக் கண்டதும் எடுத்துவிட வேண்டும், பிறகு ஆள் இருக்காது.

படத்தோடு தேதி, இடம், செடி மூன்றையும் எழுதிவையுங்கள். நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்த ஜார்ஜ் ஹாம்ப்ஸன் 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். அவருக்குக் குண்டூசியில் குத்திய பூச்சி கையில் இருந்தது. நமக்குப் படம் மட்டும்தான். பல இனங்களைப் படத்தை மட்டும் பார்த்துப் பிரித்தறியவே முடியாது. குறிப்பும் இல்லையென்றால் கதை முடிந்தது.

பதினோரு மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுங்கள். விடியும்வரை எரிந்தால் பல்லிக்கும் கரிச்சானுக்கும்தான் கொண்டாட்டம். வேட்டியை உதறாமல் செடி ஓரமாக விட்டுவையுங்கள், பூச்சிகள் தாமே போய்விடும். பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து படமெடுப்பவர்களும் உண்டு. வாசகர்கள் அனுப்பும் படங்களில் அந்த வகைக்கு இங்கே இடமில்லை.