குழந்தைகள் இல்லத்தில் ஒரு நாள்



பள்ளியில் உங்கள் நாள் எவ்வாறு கழிகிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மணி அடிக்கிறது, கணக்குப் பாடம் முடிகிறது. சிறிது நேரம் சென்று மறுபடியும் மணி அடிக்கிறது; அடுத்த பாடம் வந்துவிடுகிறது. அப்பொழுதுதான் ஒன்று விளங்கத் தொடங்கியிருந்தாலும் மணி நமக்காகக் காத்திருப்பதில்லை. வளர்ந்தவர்கள் இதனைத் தாங்கிக்கொள்ளலாம். மூன்று வயதுக் குழந்தை தாங்குமா? தாங்காது என்று கண்டறிந்து, குழந்தையின் நாளை வேறு விதமாக வகுத்துக் காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் வகுத்த முறையில் ஒரு குழந்தைகள் இல்லத்தின் நாள் எப்படிச் செல்கிறது என்பதையும், அதிலிருந்து எங்கள் கொல்லிமலைக் குழந்தைகள் பெறக்கூடியது என்ன என்பதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். ஆகவே, அவர் முதலில் மருத்துவர், பின்னரே ஆசிரியர். நோயாளியை உற்று நோக்கும் மருத்துவக் கண்ணாலேயே அவர் குழந்தையையும் உற்று நோக்கினார். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழை மக்கள் வாழும் பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் கூலி வேலைக்குச் சென்றுவிட, பார்ப்பாரின்றிச் சுற்றித் திரிந்த சிறுவர் சிறுமியர் ஏறத்தாழ ஐம்பது பேர் அங்கே சேர்ந்தனர். அவர்களைக் கவனித்துக்கொண்ட பெண்மணி ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். இவ்விரு செய்திகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்குப் பயன்படும்.

தமிழ்நாட்டுக்கும் அம்மையாருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, தம் மகன் மாரியோவுடன் அவர் சென்னை வந்தார். அடையாற்றில் அவர் நடத்திய முதல் பயிற்சி வகுப்பில் முந்நூறு பேர் அளவில் சேர்ந்து பயின்றனர். அடுத்த ஆண்டு இத்தாலி உலகப் போரில் இறங்கியது. இத்தாலியர் என்ற காரணத்தால் மகன் காவலில் வைக்கப்பட்டார். அம்மையாருக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 1940 ஆகஸ்ட் 31ஆம் நாள், அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளன்று, மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர் 1942 முதல் 1944 வரை இருவரும் கோடைக்கானலில் தங்கினர். பல வயதுக் குழந்தைகள் அங்கே ஒன்றாகக் கூடிப் பயின்றனர். செடியும் கொடியும் உயிரினங்களும் நிறைந்த அந்த மலைச்சூழல் அம்மையாரின் சிந்தனையை மேலும் விரித்தது. நம் நாட்டு மலையொன்று அவருக்கே பாடம் சொல்லித் தந்தது என்று கூறினால் மிகையாகாது.

இனி, இல்லத்தின் நாளுக்கு வருவோம். பணியில் இருந்த காலத்தில் சமவெளி நகரங்களில் இத்தகைய இல்லங்கள் சிலவற்றில் நாள் முழுவதும் அமர்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவற்றின் நடைமுறை பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது.

காலையில் குழந்தை வருகிறது. வாயிலில் ஆசிரியை நின்று, பெயர் சொல்லி வணக்கம் கூறுகிறார். குழந்தை தன் செருப்பைத் தானே கழற்றி வரிசையில் வைக்கிறது. பையைத் தன் உயரத்துக்கு அமைந்த கொக்கியில் மாட்டுகிறது. உள்ளே கரும்பலகையை நோக்கிய வரிசைகள் இல்லை. சுவரோரமாகத் தாழ்ந்த அலமாரிகள் உள்ளன. அவற்றில் பொருள்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் இருக்கின்றன. இரண்டரை வயது முதல் ஆறு வயது வரையுள்ளவர்கள் ஒரே அறையில் இருக்கின்றனர். மூத்தது செய்வதை இளையது பார்த்துக் கற்கிறது. இளையதற்குச் சொல்லிக் கொடுத்து மூத்தது தெளிவு பெறுகிறது.

அடுத்து வருவதே அந்நாளின் உயிர்நாடி. மூன்று மணி நேர அளவு இடையீடு இல்லாத வேலை நேரம் அது. மணி இல்லை, பாட மாற்றம் இல்லை. குழந்தை ஒரு சிறு பாயை எடுத்து வந்து தரையில் விரிக்கிறது. அந்தப் பாய்தான் அதன் எல்லை. பிறர் அதை மிதிப்பதில்லை. பிறகு அலமாரியிலிருந்து தான் விரும்பிய பொருளை எடுத்து வந்து வேலை செய்கிறது. முடித்ததும் பொருளை எடுத்த இடத்திலேயே வைத்து, பாயைச் சுருட்டிய பின்னரே அடுத்த வேலைக்குச் செல்லலாம்.

என்ன வேலைகள்? முதலாவது, வாழ்க்கை வேலைகள். ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு நீர் ஊற்றுதல், தானியத்தைக் கரண்டியால் மாற்றுதல், பொத்தான் போடுதல், மேசையைத் துடைத்தல், செடிக்கு நீர் வார்த்தல் போன்றவை. ஒருநாள் நான்கு வயதுச் சிறுமியொருத்தி நீர் ஊற்றுவதைக் கண்டேன். ஊற்றினாள், சிந்தியது, துணி கொண்டு துடைத்தாள், மறுபடியும் ஊற்றினாள். பதினொரு முறை வரை நான் எண்ணினேன். யாரும் அவளைப் பாராட்டவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. இறுதியில் ஒரு துளியும் சிந்தாமல் ஊற்றி முடித்தபோது, அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. குவளைகளை எடுத்துச் சென்று அலமாரியில் வைத்தாள். நம்மால் பல பாடவேளைகளில் கற்பிக்க இயலாத மன ஒருமைப்பாட்டை அவள் அந்த ஒரு காலையில் பெற்றுவிட்டாள்.

இரண்டாவது, புலன்களுக்கான வேலைகள். ஒரு செண்டிமீட்டர் முதல் பத்துச் செண்டிமீட்டர் வரை பக்க அளவுள்ள பத்துக் கனக்கட்டைகளைப் பெரியது கீழாகவும் சிறியது மேலாகவும் அடுக்குவது இளஞ்சிவப்புக் கோபுரம். மரச்சட்டத்தில் உள்ள குழிகளில் பல அளவு உருளைகளைப் பொருத்துவது மற்றொன்று. ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டால், கடைசி உருளைக்கு இடம் இராது. 'நீ செய்தது தவறு' என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, பொருளே சொல்லிவிடுகிறது. குழந்தைக்கு அதில் அவமானம் இல்லை. திருத்திக்கொள்ளும் ஆவலே எழுகிறது.

மூன்றாவது, எழுத்தும் எண்ணும். நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதப் பழக்கினர். அம்மையாரின் முறையில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை வழவழப்பான பலகையில் ஒட்டி வைக்கின்றனர். குழந்தை ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுத்தின் மேல் விரலை ஓட்டுகிறது. மணலில் விரல் வழிதவறினால் குழந்தைக்குத் தெரியாது; இங்கே சொரசொரப்பு நீங்கி வழவழப்பு வந்ததும் விரலே உணர்ந்துகொள்கிறது. தமிழ் எழுத்துகள் 247 என்று கேட்டு மலைக்க வேண்டா. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியவற்றின் ஒலியையும் துணை எழுத்துகளையும் அறிந்தால், எஞ்சிய உயிர்மெய் 216இல் பெரும்பாலானவற்றைக் குழந்தை தானே கூட்டிக்கொள்ளும். ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கினால் பட்டம், படம், மடம் என்று விரைவில் சொற்களும் பிறக்கும்.

எண்ணுக்கு மணிகள் உள்ளன. தனிமணி ஒன்று, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனம். ஒன்றை உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. ஆயிரத்தைத் தூக்க இரு கைகளும் வேண்டும். ஆயிரம் என்னும் சொல்லைச் சுழிகளால் அறிவதற்கு முன்பே, அதன் பருமனைக் கையால் அறிகிறது குழந்தை.

ஒவ்வொரு பொருளும் இல்லத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இது வறுமையால் அன்று. மற்றவர் முடிக்கும் வரை காத்திருக்கும் பண்பு அதனால் வளர்கிறது.

நண்பகல் நெருங்கும்போது தரையில் வரைந்த நீள்வட்டக் கோட்டின்மேல் குழந்தைகள் அடிமேல் அடி வைத்து நடக்கின்றனர். சிலர் கையில் நீர் நிறைந்த குவளை, சிலர் கையில் ஒலிக்காமல் எடுத்துச் செல்ல வேண்டிய மணி. பிறகு மௌன விளையாட்டு. அனைவரும் அசையாது அமர்கின்றனர். ஆசிரியை தொலைவில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் மெல்லிய குரலில் அழைக்க, அழைக்கப்பட்டவர் ஓசையின்றி எழுந்து செல்கிறார். 'சத்தம் போடாதே' என்று பிரம்பால் மேசையைத் தட்டுவோர் அந்த அமைதியை ஒருமுறை கேட்க வேண்டும். அதன் பின்னர் உணவு. தட்டு வைப்பதும், நீர் ஊற்றி வைப்பதும், உண்ட இடத்தைத் துடைப்பதும் குழந்தைகளே. சிறியவர்கள் சற்று உறங்குகின்றனர். மாலையில் தோட்டம், பாட்டு, கதை, பின்பு வீடு.

'விரும்பியதைச் செய்ய விட்டால் குழப்பம் விளையாதா?' என்று நீங்கள் வினவலாம். இங்கே உரிமைக்குக் கரை உண்டு. பிறர் வேலையைக் கெடுக்கக் கூடாது. பொருளைச் சிதைக்கக் கூடாது. எடுத்ததை வைக்காமல் செல்லக் கூடாது. இக்கரைகளுக்குள் ஆறு தன் போக்கில் ஓடலாம். ஆசிரியையின் பணியும் எளிதன்று. ஒரு பொருளை எவ்வாறு கையாள்வது என்பதைச் சில சொற்களில், மெதுவாகச் செய்து காட்டிவிட்டு விலகி நின்று பார்க்க வேண்டும். பேசுவதைவிடப் பேசாதிருப்பதே ஆசிரியர்களுக்குக் கடினமான பயிற்சி என்பதை முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட என் அனுபவத்தால் கூறுகிறேன்.

இனி எங்கள் மலைக்கு வாருங்கள். நாமக்கல் மாவட்டத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலை. சங்கப் புலவர் பாடிய வல்வில் ஓரியின் மலை இது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் மிளகும் விளைவிக்கின்றனர். இம்மலைச் சிற்றூர்களில் நான் அடிக்கடி காணும் காட்சியொன்று உண்டு. தாய் முறத்தில் சாமை புடைக்கிறாள். அருகில் அவளுடைய நான்கு வயது மகள் சிறு முறமொன்றில் ஒரு கைப்பிடித் தானியத்தை வைத்துப் புடைக்கிறாள். பாதி கீழே சிந்துகிறது, தாய் சினப்பதில்லை. சிந்தியதை மகளே பொறுக்கி எடுக்கிறாள். ஐந்து வயதுச் சிறுவன் மிளகுக் காம்பை நீக்குகிறான், கோழியை அடைக்கிறான். தானே செய்தல், செய்து முடித்தல், முடித்ததை ஒழுங்காக வைத்தல் ஆகிய மூன்றும் அந்த முற்றத்தில் இருக்கின்றன.

அதே குழந்தையை மழலையர் வகுப்பில் சேர்த்ததும் என்ன நேருகிறது? கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து அமரச் செய்கிறோம். பிஞ்சு விரலில் பென்சிலைத் திணித்து, அதற்குப் பொருள் விளங்காத எழுத்துகளைப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறோம். வீட்டில் வேலை தெரிந்த கை, பள்ளியில் ஒன்றும் தெரியாத கையாகிவிடுகிறது. 'மலைப்பிள்ளைக்குப் படிப்பு ஏறாது' என்னும் கொடுஞ்சொல் இங்கேதான் பிறக்கிறது. குழந்தை தன் திறமையை வாயிலிலேயே விட்டுவிட்டு வருமாறு செய்த பிறகு, திறமை இல்லை என்று குறை கூறுவது நீதியாகுமா?

மாண்டிசோரி முறை செல்வர்க்கே உரியது என்ற எண்ணம் பரவியுள்ளது. மெருகேற்றிய மரப்பொருள்களின் விலை உயர்ந்ததே. ஆனால், முதல் இல்லம் கூலித் தொழிலாளர் மக்களுக்காக, பயிற்சி பெறாத ஒரு பெண்மணியின் பொறுப்பில் தொடங்கியது என்று முன்பே கண்டோம். 1931இல் இலண்டனில் அம்மையாரைச் சந்தித்த காந்தியடிகளும், இப்பயிற்சி ஏழைக் குழந்தைகளையும் எட்ட வேண்டும் என்ற தம் விருப்பத்தை வெளியிட்டார். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியாக அங்கன்வாடி நம் சிற்றூர்களை எட்டியுள்ளது. அறையும் உணவும் அன்புள்ள பணியாளரும் உள்ள இடத்தில், வேலை நேரம் ஒன்றைச் சேர்ப்பது இயலாததன்று.

பொருள்களுக்கு மலையே போதும். ஊற்றிப் பழகச் சிறு செம்புகள். வகை பிரிக்க அவரையும் மொச்சையும். அடுக்கப் பெரிதும் சிறிதுமாக அறுத்த மூங்கில் துண்டுகள். பெயரறிய இருபது வகை இலைகள். ஒட்டி எழுத்தமைக்க உப்புத்தாள். ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை: மூன்று வயதுக்குட்பட்டோர் மிளகையும் பயற்றையும் மூக்கிலும் வாயிலும் இட்டுக்கொள்வர். அவர்களுக்குப் பெரிய கொட்டைகளும் காய்களுமே உகந்தவை; எவ்வயதினர்க்கும் ஒருவர் கண் அருகில் இருக்க வேண்டும். பொருள்களைத் திரட்டுவது எளிது. ஒரு குழந்தை ஆழ்ந்து வேலை செய்யும்போது குறுக்கிடாதிருக்க நாம் உறுதி கொள்வதுதான் அரிது. அதற்கு ஒரு காசும் செலவில்லை.

மாணவர்களே, உங்களில் பலர் நாளை ஆசிரியராவீர்கள், பெற்றோராவீர்கள். இன்றே உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இருக்கலாம். அக்குழந்தை செருப்பின் வாரை மாட்ட முயன்றுகொண்டிருக்கும். பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று நீங்கள் குனிந்து மாட்டிவிடுவீர்கள். இனி அவ்வாறு செய்யாதீர்கள். பத்து நிமிடம் முன்னதாக அக்குழந்தையை எழுப்புங்கள். மெதுவாக ஒருமுறை மாட்டிக் காட்டுங்கள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள்.